குமரி மாவட்டத்தில் ஓட்டை மாற்றுவது பேப்பரா, டிவியா, வாட்ஸ்அப்பா?

மார்த்தாண்டம் பக்கத்தைச் சேர்ந்த, இப்போது கோவையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்க அப்பா காலத்தில் பேப்பர் படித்துவிட்டு அரசியல் பேசினார்கள். அப்புறம் டிவி. இப்போது ரீல்ஸும் வாட்ஸ்அப்பும். யாருக்கு ஓட்டு என்பதை உண்மையிலேயே இந்த ஊடகங்கள்தான் முடிவு செய்கின்றனவா? நம்ம மாவட்டத்தை வைத்துச் சொல்ல முடியுமா?"

முடியும். தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராகப் பல வருடம் செய்தி அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுருக்கமான பதில் முதலில். யாருக்கு ஓட்டு என்பதை ஊடகம் நேராக வந்து முடிவு செய்வது அபூர்வம். ஊர் எதைப் பற்றிப் பேச வேண்டும், எதைப் பேசாமல் விட வேண்டும் என்பதை அது முடிவு செய்யும். அந்தப் பேச்சை நம் காதில் கொண்டுவந்து போடுகிற ஆள் ஒருவர் இருப்பார். ஓட்டு பெரும்பாலும் அவர் கையில். பேப்பர் காலத்துக்கும் வாட்ஸ்அப் காலத்துக்கும் நடுவே முக்கியமாக மாறியிருப்பது அந்த ஆள்தான்.

நம்பவில்லையென்றால் தேர்தல் முடிவுகளைப் பாருங்கள். 2014 மக்களவைத் தேர்தலில் மோடியா, இந்த லேடியா என்று ஜெயலலிதா கேட்டதை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37 அதிமுகவுக்குப் போயின. மிஞ்சிய இரண்டில் ஒன்று தருமபுரி, இன்னொன்று கன்னியாகுமரி. இங்கே பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்தார், காங்கிரஸின் வசந்தகுமார் இரண்டாவது வந்தார், அதிமுகவுக்கு மூன்றாம் இடம். சரி, அப்படியானால் அது மோடி அலையா என்றால், இரண்டே வருடத்தில் 2016 சட்டமன்றத் தேர்தல் வந்தது. மாநிலத்தில் அதிமுக ஆட்சியைத் தக்கவைத்தது. குமரி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் ஒன்றுகூட அதற்கோ பாஜகவுக்கோ கிடைக்கவில்லை. திமுகவுக்கு மூன்று, காங்கிரஸுக்கு மூன்று. 2019-ல் அதே பொன். ராதாகிருஷ்ணன் மத்திய அமைச்சராக இருந்துகொண்டே இரண்டரை லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் ஓடியது ஒரே சேனல்கள்தான், ஒரே விளம்பரங்கள்தான். ஆனால் மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழியைத் தாண்டி உள்ளே வரும்போது அலை வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

காரணம் சொல்ல ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் இது, 91.75 சதவீதம். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையச் சரிபாதி. மேற்கே போகப் போக மலையாளப் பத்திரிகையும் மலையாளச் சேனலும் வீட்டுக்குள் சகஜம். கடற்கரையில் பங்குத்தந்தையும் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டமும், உள்நாட்டில் ஊர்க் கமிட்டியும் சமய வகுப்பும், ஜமாஅத்தும், கட்சிக் கிளையும் என்று செய்தியை வாங்கி விளக்கம் சேர்த்துக் கொடுக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் முடிவான தலைப்புச் செய்தி இவர்கள் வழியாக வந்து சேரும்போது அதன் அர்த்தமே மாறியிருக்கும்.

பத்திரிகைக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆரம்பகால அச்சகங்களில் ஒன்றை லண்டன் மிஷன்காரர்கள் நாகர்கோவிலில் நிறுவியது 1820 வாக்கில். பத்திரிகை அரசியலை அசைக்கும் என்பதை ஆள்பவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1910-ல் சமஸ்தான அரசு சுதேசாபிமானி பத்திரிகையின் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையைப் பிடித்துத் திருநெல்வேலிக்கு நாடு கடத்தியது. திவானை எழுத்தில் விமர்சித்ததற்கு அதுதான் கூலி. அவர் பிறகு சொந்த நாட்டுக்குள் திரும்பவே இல்லை.

பிற்பாடு இதே பகுதியிலிருந்து இரண்டு எதிரெதிர் திசைப் பத்திரிகைகளுக்கு ஆட்கள் போனார்கள். பூதப்பாண்டிக்காரரான ஜீவா, 1937-ல் தொடங்கிய ஜனசக்தியின் ஆசிரியர். நாகர்கோவில் பகுதியைச் சேர்ந்த டி.வி. ராமசுப்பையர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தினமலரைத் தொடங்கினார். ஒன்று கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகை. இன்னொன்று அப்போது தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்ட பத்திரிகை. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடும், 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இணைப்பு முடிந்த மறு வருடமே தினமலர் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

அன்றைய பத்திரிகைகள் நடுநிலை வகித்தன என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பக்கச் சார்பு அப்போதும் உண்டு, இப்போதையதைவிடக் காரமாகவே உண்டு. ஆனால் ஜனசக்தியைக் கையில் எடுக்கிறவனுக்கு அது யார் பத்திரிகை என்று தெரியும், முரசொலியை எடுக்கிறவனுக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் படித்தான்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்குகிறவர்களுக்கு நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணனின் கதையை நினைவூட்டலாம். நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்ற லட்சுமிகாந்தன் 1944-ல் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கலைவாணரும் தியாகராஜ பாகவதரும் சிறைக்குப் போய், லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை வழக்கு நடத்தி, 1947-ல்தான் விடுதலை ஆனார்கள். யூடியூப்பில் தம்ப்நெயில் போட்டு மானத்தை வாங்குகிற தொழில் ஒன்றும் புதிதல்ல.

இனி சாயாக்கடை. தினத்தந்தியை 1942-ல் மதுரையில் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற தமிழில் பெரிய எழுத்துத் தலைப்போடு செய்தி போட வேண்டும் என்று முடிவெடுத்தார். அந்த ஒரு முடிவு தமிழ்நாட்டு அரசியலுக்குச் செய்ததை வேறெதுவும் செய்யவில்லை என்பது என் கணக்கு. அதுவரை வீட்டுத் திண்ணையில் இருந்த பேப்பர் கடை பெஞ்சுக்கு வந்தது. எங்கள் பக்கம் சாயாக்கடையில் காலையில் பேப்பர் வந்தவுடன் அது தனித்தனித் தாளாகப் பிரிந்துவிடும். முதல் பக்கம் உள்ள தாள் ஓய்வுபெற்ற வாத்தியாரிடம், விளையாட்டுப் பக்கம் பையன்களிடம், நடுவிலுள்ள மாவட்டச் செய்திகள் ரப்பர் வெட்டு முடிந்து வருகிறவரிடம். வாத்தியார் தலைப்பை உரக்கப் படிப்பார். "அது அப்படி இல்ல சார், தீக்கதிர்ல வேற மாதிரி போட்டிருக்கான்" என்று ஒரு தோழர் குறுக்கே விழுவார். "ரெண்டு பேரும் பொய்" என்று மூன்றாவது ஆள். 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று சுவரில் எழுதி வைத்த கடைக்காரரே கடைசியில் தீர்ப்பு சொல்வார்.

இதை வெளிநாட்டில் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் சகாக்களும் ஒரே ஆட்களை மாதக்கணக்கில் தொடர்ந்து விசாரித்தார்கள். வானொலியும் பத்திரிகையும் மக்கள் மனதை நேராக மாற்றும் என்ற எதிர்பார்ப்போடு போனவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. பெரும்பாலானவர்கள் தங்கள் வட்டத்தில் விஷயம் தெரிந்தவர் என்று மதிக்கிற ஒருவரிடமிருந்துதான் அரசியலைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஒருவர்தான் பத்திரிகை படித்தார், வானொலி கேட்டார். இன்னொரு முக்கியமான ஆய்வு 1968-ல் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் மெக்கோம்ப்ஸும் ஷாவும் செய்தது. எந்தப் பிரச்சினை முக்கியம் என்று ஊடகங்கள் அழுத்திச் சொல்லினவோ, வாக்காளர்களும் அவற்றையே முக்கியம் என்று வரிசைப்படுத்தினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் முதலில் சொன்ன சுருக்கமான பதில் கிடைத்துவிடும்.

எது பேசப்படும், எது பேசப்படாது என்பதில் எங்கள் தொழிலின் உள் விவகாரம் ஒன்று உண்டு. வெளியே பலருக்குத் தெரியாது. அதுதான் பதிப்பு. தமிழ் நாளிதழ்கள் ஊருக்கு ஊர் பதிப்பு தொடங்கியபோது எல்லோரும் கொண்டாடினோம். முன்பெல்லாம் செய்தியையும் ஃபிலிம் ரோலையும் கவரில் போட்டு நாகர்கோவில் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் செய்தி செத்தது. ஃபேக்ஸ் வந்தது, இமெயில் வந்தது, நாகர்கோவிலிலேயே பேப்பர் அச்சானது. குளச்சலில் நடந்ததற்கும் கொல்லங்கோட்டில் நடந்ததற்கும் படத்தோடு முழுப் பக்கம் கிடைத்தது. மாவட்டத்துக்குப் பெரிய லாபம் என்றுதான் நினைத்தோம்.

நடந்தது என்ன? இரையுமன்துறையில் கடல் வீட்டுக்குள் புகுந்தால் அது நாகர்கோவில் பதிப்பில் நாலு பத்தி. திருநெல்வேலி பதிப்பில் ஒரு பத்தி. மதுரைக்கு அப்பால் ஒரு வரிகூடக் கிடையாது. படிக்கிற நாம் பேப்பரில் பெரிதாக வந்துவிட்டது, சென்னையில் அமைச்சர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வோம். சென்னைப் பதிப்பில் அது இருக்கவே இருக்காது. நம் குரல் நமக்கே கேட்கிற ஏற்பாடு. கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவு வேண்டும், அலைத்தடுப்பு வேண்டும் என்று எத்தனை வருடம் எத்தனை கிராமம் மறியல் செய்திருக்கிறது என்று எங்கள் பதிப்பைப் புரட்டினால் தெரியும். அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை இந்த மாவட்டத்து எல்லையைத் தாண்டவில்லை.

பகுதி நேர நிருபரின் பிழைப்பையும் சொல்லிவிட வேண்டும். எழுதிய செய்திக்கு வருவது சொற்பம். பொங்கல், தீபாவளி, தலைவர் பிறந்தநாள் என்று விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. விளம்பரம் தருகிறவர் யார்? ஒன்றியச் செயலாளர், குவாரிக்காரர், தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி. செய்தியில் அடிபட வேண்டியவர்களும் பல நேரம் அவர்களேதான். நான் வேலை பார்த்த நாளிதழில் மலையை உடைக்கிற ஒரு குவாரி பற்றி அனுப்பிய செய்தி வரவில்லை. அடுத்த வாரம் அந்தக் குவாரிக்காரரின் மகள் கல்யாண வாழ்த்து கலரில் வந்தது. யாரும் எனக்கு ஃபோன் செய்து மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வானொலியைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை, அரசாங்கத்தின் கையில் இருந்ததால் தேர்தல் அரசியலில் அதற்கு வேலை குறைவு. ஆனாலும் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நாகர்கோவிலில், கோணம் என்ற இடத்தில்தான் தொடங்கியது என்பதை இங்குள்ள பிள்ளைகளே அறியாமல் இருக்கிறார்கள். ரப்பர் விலையும் மீனவருக்கான வானிலையும் அதில் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. டிவி விஷயத்திலும் நாம் கொஞ்சம் விலகித்தான் நின்றோம். தூர்தர்ஷன் காலத்தில் இங்கே ஆன்டெனாவுக்குச் சுலபமாகக் கிடைத்தது திருவனந்தபுரம். கடற்கரை ஊர்களில் காற்று ஒத்துழைத்தால் இலங்கையின் ரூபவாஹினி.

1993-ல் சன் டிவி வந்த பிறகுதான் டிவி தமிழ்நாட்டு அரசியலுக்குள் காலை வைத்தது. 1995-ல் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் கல்யாணத்தின் ஆடம்பரக் காட்சிகளும், ரஜினிகாந்தின் பேச்சும் 1996 தேர்தலில் வீடு வீடாகப் போயின. 2001 ஜூன் 30 பின்னிரவில் கருணாநிதியைக் கைது செய்து இழுத்துப் போன காட்சியைச் சன் டிவி திரும்பத் திரும்பக் காட்டியது. ஜெயா டிவி, கலைஞர் டிவி, கேப்டன் டிவி என்று கட்சிக்கு ஒரு சேனல் ஆனது. சேனலுக்குப் போட்டியாகக் கேபிள், கேபிளுக்குப் போட்டியாக அரசு கேபிள். 2006 தேர்தல் வாக்குறுதியின்படி கலர் டிவியையே அரசு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. இந்த ஊடகக் குடும்ப விவகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2007 மே 9 காட்டியது. திமுகவின் வாரிசு யார் என்று, சன் டிவியை நடத்தும் கருணாநிதியின் உறவினர்களான மாறன் குடும்பத்தின் தினகரன் நாளிதழ் ஒரு கருத்துக் கணிப்பு போட்டது, மதுரையில் அதன் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள், மூன்று ஊழியர்கள் செத்துப் போனார்கள். கணிப்பில் இடம்பெற்றவர்கள் யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

டிவி நம்ம மாவட்டத்தில் நேரடியாக வேலை செய்த இடம் என்று ஒன்றைச் சொல்லலாம், அது செய்தி நிகழ்ச்சி அல்ல, விளம்பரம். எச். வசந்தகுமார் அகஸ்தீஸ்வரத்துக்காரர், குமரி அனந்தனின் தம்பி. தன் வசந்த் அன் கோ கடை விளம்பரத்தில் தானே கையைக் கூப்பிக்கொண்டு வந்து நிற்பார். பிறகு சொந்தமாக வசந்த் டிவியும் தொடங்கினார். 2019-ல் அவர் ஓட்டுக் கேட்டு வந்தபோது வேட்பாளரை அறிமுகம் செய்யும் வேலை காங்கிரஸுக்கு இருக்கவில்லை. பாட்டிமார் "நம்ம டிவில வருவாரே" என்றார்கள். ஆனால் அதே முகம், அதே விளம்பரம் 2014-லும் இருந்தது, தோற்றார். முகம் தெரிவதால் கதவு திறக்கும், அவ்வளவுதான். 2014-க்கும் 2019-க்கும் நடுவே இங்கே நடந்தது வேறு.

அதில் பெரியது ஒக்கி. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் அந்தப் புயல் குமரிக்கடலைத் தாண்டியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆட்கள் தங்கல் வைத்துப் போய் வாரக்கணக்கில் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிக்கிறவர்கள். டிவியில் எச்சரிக்கை ஓடியபோது அவர்கள் செல்ஃபோன் சிக்னலுக்கு வெகுதூரம் அப்பால் இருந்தார்கள். கரையில் அரசு ஒரு எண்ணிக்கை சொல்லிற்று, ஊர்கள் வேறு எண்ணிக்கை சொல்லின. ஊர்களிடம் பட்டியல் இருந்தது: எந்தப் படகு, யார் யார், எந்தத் தேதியில் போனார்கள் என்று கோயில் வளாகத்தில் உட்கார்ந்து எழுதிய பட்டியல். அந்தத் தாளை ஃபோனில் படமெடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் பெயரை அடித்துவிட்டு மறுபடி படமெடுத்து அனுப்பினார்கள்.

அந்த வாரம் சென்னைச் சேனல்களில் என்ன ஓடியது? ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். டிசம்பர் 5 அன்று நடிகர் விஷாலின் வேட்புமனு தள்ளுபடி, ஏற்பு, மறுபடி தள்ளுபடி என்று நாள் முழுக்க நேரலை. இங்கே கடலில் நூற்றுக்கணக்கான ஆட்கள் எங்கே என்று தெரியவில்லை. மலையாளச் சேனல்கள் கேரளப் பக்கத்துப் பூந்துறை, விழிஞ்ஞம் கடற்கரையில் காமிராவோடு நின்றன. பக்கத்திலேயே தூத்தூர் இருந்ததால் நம் ஆட்களின் அழுகையும் முதலில் மலையாளத்தில்தான் வெளியே போயிற்று. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ரயில் நின்றது. அப்புறம்தான் சென்னைச் சேனல்கள் முழுதாகத் திரும்பின. டிசம்பர் 12-ல் முதல்வர் பழனிசாமி வந்தார், 14-ல் ராகுல் காந்தி, 19-ல் பிரதமர் மோடி. எத்தனையோ பேர் எழுதாத ஒரு பாடத்தை அந்த ஊர்கள் படித்துக்கொண்டன: செத்தால் செய்தி இல்லை, ரயிலை நிறுத்தினால் செய்தி.

இங்கே கடற்கரை ஊரான இனயத்தில் வரவிருந்த துறைமுகத் திட்டத்துக்கு எதிரான போராட்டம் இதற்கு முன்பே, 2016-ல் மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் கொடுத்ததிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. துறைமுகம் வந்தால் வளர்ச்சி என்று ஒரு பக்கம், வீடும் கடலும் போய்விடும் என்று ஒரு பக்கம். இரண்டு பக்கமும் எதிர்ப் பக்கத்தின் விளக்கத்தைக் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்குக் கவனத்தில் நின்றது. இரண்டும் தனித்தனி வாட்ஸ்அப் குழுக்களில் நடந்த பேச்சு. இனயமும் ஒக்கியும் சேர்ந்துதான் 2019-ல் கடற்கரை ஓட்டைத் திரட்டின என்பது என் கணிப்பு. மாநில டிவி விவாதங்களில் இரண்டும் அபூர்வமாகவே வந்தன.

நம்ம ஊரை நாடு முழுக்க டிவியில் காட்டுவது வேறு விதத்தில். கன்னியாகுமரி முனை, தேச அரசியலுக்கு ஒரு படப்பிடிப்புத் தளம். 1983 ஜனவரியில், பின்னாளில் பிரதமரான சந்திரசேகர் டெல்லி வரை நடக்க இங்கிருந்துதான் புறப்பட்டார். 1991 டிசம்பரில் பாஜகவின் முரளி மனோகர் ஜோஷியின் ஏகதா யாத்திரை இங்கிருந்துதான் காஷ்மீருக்குப் போனது. 2022 செப்டம்பர் 7 அன்று ராகுல் காந்தியின் நடைபயணமும் இங்கிருந்துதான். மூன்று கடல், ஒரு பாறை, எதிரே வடக்கு நோக்கி முழு நாடு என்று வேறெங்கும் கிடைக்காத பின்னணி.

இதில் உச்சம் 2024 மே 30. கடைசிக் கட்டப் பிரச்சாரம் முடிந்த அன்று மாலை பிரதமர் மோடி விவேகானந்தர் பாறைக்கு வந்து ஜூன் 1 வரை தியானத்தில் இருந்தார். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. தியானம் பிரச்சாரமா, இல்லையா? எதிர்க்கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் போயின. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஓட்டுக் கேட்கவில்லை. காவி உடையும் ருத்ராட்சமும் கடலுமாக ஒலியில்லாத காட்சி நாள் முழுக்கச் சேனல்களில் வந்தது. கவனிக்க வேண்டியது, நாம் அதற்கு வெகு முன்பே, ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டு முடித்தாயிற்று. அந்தக் காட்சிக்கான பார்வையாளர்கள் ஜூன் 1 அன்று ஓட்டுப் போட வேண்டிய வாரணாசியிலும் வங்காளத்திலும் பஞ்சாபிலும் இருந்தார்கள். நமக்குக் கிடைத்தது போலீஸ் கெடுபிடியும், சங்கு, பாசி விற்கிற கடைக்காரர்களுக்கு வியாபாரம் இல்லாத இரண்டு நாளும். எண்ணி முடித்தபோது தொகுதியில் வசந்தகுமாரின் மகன், காங்கிரஸின் விஜய் வசந்த் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

சரி, வாட்ஸ்அப்புக்கு வருவோம். வதந்தி வாட்ஸ்அப்பால் வந்தது என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1982 மார்ச்சில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே மண்டைக்காடு கலவரம் நடந்தபோது தெருவுக்கு ஒரு ஃபோன்கூட இல்லை. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அன்று ஊருக்கு ஊர் தீயை மூட்டிய வதந்தி சைக்கிளிலும் பஸ்ஸிலும் போனது. வதந்தி பரவ மனிதர்களுக்குக் கருவி தேவையில்லை, பயம் போதும்.

வாட்ஸ்அப் செய்த மாற்றம் வேறு. 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்ட பெஞ்சு காலியானது. ஊர்ப் பேச்சு ஃபோனுக்குள் போயிற்று. கோயில் குரூப், பங்குக் குரூப், சமுதாயக் குரூப், கட்சிக் குரூப், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் குரூப். பெஞ்சில் வாத்தியாரும் தோழரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வாத்தியார் புளுகினால் தோழர் அங்கேயே பிடித்துக்கொள்வார். குரூப்பில் தோழர் இல்லை, அவர் வேறு குரூப்பில் இருக்கிறார். ஒரு குரல் பதிவு வருகிறது: "மக்களே, இத எல்லாரும் கேட்டுக்கிடுங்க, பேப்பர்ல போட மாட்டான்." பேசியவர் யார் என்று தெரியாது. ஆனால் நமக்கு அனுப்பியவர் நம் சித்தப்பா மகன். நம்பிக்கை முழுவதும் அனுப்பியவருக்குப் போகிறது, பேசியவரை யாரும் கேட்பதில்லை. லாசர்ஸ்ஃபெல்ட் சொன்ன அந்த விஷயம் தெரிந்த ஆள் ஒரு பெயரும் முகமும் உள்ளவராக இருந்தார். இப்போது முகம் சித்தப்பா மகனுடையது, குரல் யாருடையதோ.

2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் செய்தது. பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற புரளியில் நாடு முழுக்க ஆட்களை அடித்துக் கொன்ற பிறகு வந்த கட்டுப்பாடு. 2020-ல் அதிகமாகச் சுற்றும் செய்திக்கு ஒரே இடம் என்றானது. வேகம் குறைந்தது, ஆனால் பெஞ்சு திரும்பி வரவில்லை.

யூடியூப்பின் கதை சற்று வேறு. டிவி இடம் தராத ஒரு கட்சி அதன் மூலம் வளர முடியும் என்பதற்கு நாம் தமிழர் கட்சி உதாரணம். 2016-ல் ஒரு சதவீதம் சொச்சம் வாங்கிய கட்சி 2024-ல் எட்டு சதவீதத்தைத் தாண்டியது, சீமானின் பேச்சுகள் முழுதும் துண்டுமாக ஃபோனில் ஓடியதற்கு அதில் பெரிய பங்கு. ஆனால் அந்தத் தேர்தல்கள் எதிலும் ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. பார்ப்பவர்களை ஓட்டுச்சாவடிக்குக் கூட்டிப் போகத் தெருவில் ஆள் வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்தல் நேரத்தில் செய்தி போலவே அச்சாகும் விளம்பரங்களைக் கண்காணிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு உண்டு. ஒரே வேட்பாளரை ஒரே வாசகத்தில் இரண்டு பேப்பர் புகழ்ந்தால் அவர்கள் கண்டுபிடித்துவிடலாம். ஒரு உள்ளூர் ஃபேஸ்புக் பக்கத்துக்கு ரொக்கமாகப் போகும் காசை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம். தேர்தல் நேரத்தில் ஒரு பிட் நோட்டீஸ் அடித்தால்கூட அதில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. சுவரில் ஒட்டுகிற போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருப்பது அதனால்தான். ஃபார்வர்டுக்கு அப்படி அடிவரி கிடையாது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்டால் சொல்ல வேண்டும் என்றன. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று, எல்லோருடைய அந்தரங்கமும் போய்விடும் என்று.

பொய்க்கு உரிமையாளர் யார் என்று தெரிய வேண்டும் என்று தலையாட்டத்தான் தோன்றும். எனக்கு அது அவ்வளவு சுலபமாகப் படவில்லை. இனயத்தில் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று முதலில் அனுப்பியதும் ஒரு ஃபோன்தான். குழித்துறைக்கு வாருங்கள் என்ற செய்திக்கும் முதலில் அனுப்பியவர் ஒருவர் இருந்திருப்பார். அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வாங்கிக்கொள்ளும் அதிகாரம் எந்த அரசிடம் இருந்தாலும் அடுத்த முறை அந்தச் செய்தியை யாரும் அனுப்பமாட்டார்கள்.

ஆகவே தம்பி, சட்டம் வந்து இதைச் சரிசெய்யும் என்று காத்திருக்க வேண்டாம். ஊர்க் குரூப்பின் அட்மின் யார் என்று உங்களுக்குத் தெரியும். கோவையிலிருந்தே ஒரு ஃபோன் போட்டு, "அண்ணே, இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்கலாம். நான் கேட்கிறேன். பாதி நேரம் அவருக்கும் தெரியாது. சிலர் கோபப்படுவார்கள், சிலர் அழித்துவிடுவார்கள். ஒருவர் என்னைக் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்.